பாட்டியைப் பேசவிடுங்கள்

மதிப்பிற்குரிய பாலர் பள்ளி நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் பேரனின் பையில் வைத்து அனுப்பிய வளர்ச்சி அறிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். வெட்டுவது, ஒட்டுவது, வரிசையில் நிற்பது எல்லாவற்றிலும் பையன் தேறிவிட்டான். கடைசிப் பக்கத்தின் அடியில்தான் அந்த ஒரு வரி: மொழிகளைக் கலந்து பேசுகிறான், ஆகவே வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசவும். அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

எழுதியவருக்கு அது அரை நிமிட வேலையாக இருந்திருக்கும். எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. மகனும் மருமகளும் பள்ளி சொன்னால் மறுபேச்சில்லை என்று இருப்பவர்கள். அன்றிரவே என் மனைவியிடம், "அம்மா, இனி இவனிடம் தமிழ் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் மீன் கடைக்கும் பலதுறை மருந்தகத்துக்கும் போதும். நான்கரை வயதுப் பிள்ளையின் கேள்விகளுக்குப் போதாது.

முன்பெல்லாம் அவள் முருங்கைக்கீரை ஆயும்போது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான். உணவங்காடியில் யாரோ ஒருவர் தட்டிலிருந்து மைனா சோற்றைக் கொத்திக்கொண்டு பறந்த கதையைத் தொடங்குவான். அவள் இலேசில் விடமாட்டாள். தட்டுக்காரர் எங்கே போயிருந்தார்? மைனாவுக்குக் காரமாக இருந்திருக்காதா? திரும்பி வந்தவர் என்ன சொன்னார்? அவன் யோசிப்பான். தண்ணீர் வாங்கப் போயிருந்தார் என்பான். அடுத்த நாள் அதே கதையில் அந்தத் தண்ணீர் தானாகவே வந்து சேர்ந்திருக்கும். எது முன்னே, எது பின்னே, ஏன் அப்படி என்று கோத்துச் சொல்ல அந்தக் கீரைக்கட்டுதான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது. பின்னாளில் எந்த மொழியில் கதை படித்தாலும் இந்தத் திறன்தானே கைகொடுக்கும்? நீங்கள் பயிற்சி பெற்றவர்கள். உங்களுக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

இப்போது அவள் அவனிடம் பேசுவது நான்கே சொற்கள்: கம், சிட், ஈட், கேர்ஃபுல். கீரையைத் தனியாக ஆய்கிறாள். போன வாரம் மின்தூக்கியில் அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "தாத்தா, பாட்டிக்கு என்மேல் கோபமா?" ஒன்பதாவது மாடி வரும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

கலந்து பேசுவது ஒரு குறையா? இரு மொழி கேட்டு வளரும் பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதுதான் அது. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதியை ஒட்டி, காலமும் இடமும் பிசகாமல் நிறுத்துகிறான். இலக்கணம் உள்ளே இறங்காமல் அது முடியுமா? ஆங்கிலத்தில் மட்டும் எண்ணினால் அவன் சொற்கள் குறைவாகத்தான் தெரியும். ஒரு சட்டைப்பையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு இவனிடம் காசில்லை என்கிறீர்கள்.

எழுத்தும் அவனுக்கு வீதியில்தான் வந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கட்டுமானத் தளம். வேலியில் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழியிலும் பலகை. அங்கே நின்று நின்று அவன் முதன்முதலாக வாசித்த தமிழ்ச் சொல் 'அபாயம்'. அன்று எல்லோரும் சிரித்தோம்.

ஆங்கிலத்துக்கு என்ன ஆபத்து வந்துவிட்டது? 2020 சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுவோர் 48.3 விழுக்காடு; பத்தாண்டுக்கு முன் 32.3. தமிழ் 3.3லிருந்து 2.5க்கு இறங்கிவிட்டது. மெலிந்தவனைப் பார்த்துப் பட்டினி கிட என்கிறது உங்கள் வரி. இன்னும் இரண்டாண்டில் இவன் தொடக்கநிலை ஒன்றுக்குப் போவான். தமிழில் வாய் திறக்கவில்லை என்று அங்கே சொல்வார்கள். பாட்டி இலவசமாகக் கொடுத்ததைத் துணைப்பாட நிலையத்தில் மணிக்கு இத்தனை வெள்ளி என்று கொடுத்து வாங்குவோம்.

தமிழாசிரியர் கிடைக்கவில்லை என்று தாய்மொழி நேரத்தில் அவனைச் சீன வகுப்பின் பின்வரிசையில் வண்ணம் தீட்ட உட்கார வைத்திருக்கிறீர்களே, அதையும் பொறுத்துக்கொண்டோம். ஆனால் தீபாவளிக்கு மட்டும் வேட்டி கட்டி அனுப்புங்கள், முறுக்கும் கொடுத்து அனுப்புங்கள் என்று கடிதம் தவறாமல் வந்துவிடுகிறது. முறுக்கைச் சுட்டவள் யார் தெரியுமா? வீட்டில் பேசக்கூடாது என்று நீங்கள் வாயடைத்த அதே பாட்டிதான்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். உங்கள் ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையை நாள்தோறும் வாசலில் நின்று பார்க்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் பிள்ளையின் அறிக்கையில் மட்டுமல்ல, அதே வரி போயிருக்கக்கூடிய மற்ற வீடுகளுக்கும் தெரிவியுங்கள்.

வரும் பெற்றோர் சந்திப்புக்கு என் மனைவியையும் அழைத்து வருகிறேன். பேரனிடம் அவள் தமிழில் பேசலாம் என்பதை அவளிடமே சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் சொன்னால் போதும், நான் மொழிபெயர்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாலர் வகுப்பு ஒன்றில் படிக்கும் பிள்ளையின் தாத்தா