பின்வரிசை வாங்கில் இருந்த அம்மாவுக்கு நன்றி

திருகோணமலை புனித மரியாள் பேராலயத்தில் சிலுவைப்பாதை செபம் முடிந்தும் எழும்பாமல் இருந்த என்னிடம், "என்ன பிள்ளை, செபம் வருகுதில்லையா?" என்று கேட்ட அம்மா, நன்றி. பெயர் தெரியாது. கையில் மணிகள் தேய்ந்து வெளுத்த செபமாலை வைத்திருந்தீர்கள்.

உபதேசம் செய்யாததற்கே முதல் நன்றி. அது எனக்கு ஏற்கெனவே தாராளமாகக் கிடைத்திருந்தது. நீங்கள் மாற்கு 9ஆம் அதிகாரத்தை எடுத்துத் தந்தீர்கள். பிள்ளையின் நோய்க்காக வந்த அப்பன், நம்புகிறேன் என்கிறான். அதே மூச்சில் என் நம்பிக்கையின்மை நீங்க உதவும் என்றும் கதறுகிறான். இயேசு அவனைத் துரத்தவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார். "சந்தேகத்தோடயே முழுசா வா, பிள்ளை" என்றீர்கள். அன்னை தெரேசாவும் கடவுளை உணர முடியாமல் உள்ளிருட்டில் தவித்தது 2007இல் நூலாக வெளிவந்த அவரது கடிதங்களில்தானே பரவலாகத் தெரியவந்தது.

செபம் இன்னும் சில நாள் வறட்சிதான். சரி, பூசைக்குப் போகிறேன். கண்டால் கூப்பிடுங்கள், பிளேன்டீ என் செலவு.