நீல் இல்லாத ரஷ்

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மாடி ஏற முடிகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மறைந்த டிரம்மர் நீல் பியர்ட் இல்லாமல், பாடகர் கெடி லீயும் கிதார் வாசிக்கும் அலெக்ஸ் லைஃப்சனும் ரஷ் என்ற கனடா ராக் குழுவின் பெயரில் எப்படி மேடையேறலாம் என்று கோபமாக எழுதியிருந்தாய். ஏறலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இருவரும் பழைய கதை பேசும் பேட்டிகளைக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். டொரண்டோவில் பள்ளித் தோழர்கள். 1968-ல் லைஃப்சன் குழுவைத் தொடங்க, கெடி சில வாரங்களில் சேர்ந்தார். நீல் வந்தது 1974-ல், முதல் அமெரிக்கப் பயணத்துக்கு இரண்டே வாரம் இருக்கும்போது. மூன்றாவது ஆல்பம் சரியாகப் போகாததும், ரேடியோவுக்கு ஏற்ற சின்னப் பாட்டாகப் போடச் சொல்லி இசைத்தட்டுக் கம்பெனி நெருக்கியது. இவர்களோ 1976-ல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, இருபது நிமிடம் ஓடும் ஒரே பாட்டைப் போட்டார்கள். '2112' என்ற அந்த இசைத்தட்டுதான் குழுவைக் காப்பாற்றியது. இதெல்லாம் உனக்கும் தெரிந்ததுதான்.

என் மனதில் நிற்பது அதற்கப்புறம் நடந்தவை. 1997 ஆகஸ்டில் நீலின் மகள் கார் விபத்தில் போய்விட்டாள். அடுத்த ஜூனில் மனைவியைப் புற்றுநோய் கொண்டுபோனது. இனி என்னை ஓய்வுபெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு மனுஷன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். இன்னொரு டிரம்மரை வைத்துக்கொண்டு இவர்கள் ஊர் ஊராகப் போயிருக்கலாம். போகவில்லை. அவராக மனம் தேறி வரும்வரை காத்திருந்தார்கள். 2001-ல்தான் மறுபடி மூவரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள்.

2015 ஆகஸ்ட் 1, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் கடைசிக் கச்சேரி. முடிந்ததும் டிரம்ஸைத் தாண்டி முன்னால் வரும் வழக்கமே இல்லாத நீல், அன்று எழுந்து வந்து இருவரோடும் நின்றார். அந்த வீடியோவை இன்னொரு முறை பார், ரகு. அடுத்த ஆண்டே அவருக்கு மூளையில் புற்றுநோய். வெளியே தெரியக்கூடாது என்று அவர் விரும்பியதால், 2020 ஜனவரியில் அவர் கண்மூடும்வரை இருவரும் வாய் திறக்கவில்லை. விசாரித்தவர்களிடமெல்லாம் மழுப்ப வேண்டியிருந்தது எவ்வளவு வேதனை என்று கெடி பின்னால் சொன்னார்.

இப்படிப்பட்டவர்கள் காசுக்காக நண்பனை மறப்பார்களா? ஜெர்மனியின் அனிகா நில்லஸ் டிரம்ஸ் வாசிப்பார் என்று 2025 அக்டோபரில் அறிவித்தபோது, நீல் பின்னால் மணந்துகொண்ட இரண்டாவது மனைவியும் அவர்களுடைய மகளும் ஆதரவு தெரிவித்தார்கள். அவர்களுக்கு இல்லாத மனத்தாங்கல் நமக்கு எதற்கு? எழுபது தாண்டிய இரண்டு பேருக்கு, சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க இன்னும் ஆசை இருக்கிறது. வாசிக்கட்டும்.

இதற்கு மேலும் மறுப்பு இருந்தால் விவரமாக எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்