பொன்மொழிக்குக் கீழே இன்னொரு வரி

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் ஞாயிறு இதழின் பொன்மொழிப் பகுதிக்கு எங்கள் ஊரில் நல்ல மதிப்பு உண்டு. தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டி நெருங்கினால் பிள்ளைகள் அதை வெட்டி அப்பியாசக் கொப்பியில் ஒட்டிவிடுவார்கள். கொப்பியில் ஒட்டியது மேடை ஏறும். மேடை ஏறியது பாடசாலைச் சுவரில் பெயின்டால் எழுதப்படும். அதன்பிறகு அதைத் திருத்த யாராலும் ஆகாது. ஆகவேதான் இந்தக் கடிதம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்தால், பந்தலில் இருந்து எழும் பிரதம விருந்தினர் எவரும் "வெல்வது முக்கியமல்ல, பங்குபற்றுவதே முக்கியம் என்றார் கூபர்த்தன்" என்று சொல்லாமல் அமர்வதில்லை. நவீன ஒலிம்பிக்கைத் தொடக்கிவைத்தவர் அவர். தங்கள் பகுதியிலும் அவர் பெயரிலேயே வந்திருந்தது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கின்போது செயின்ட் போல் பேராலயத்தில் எதெல்பர்ட் டல்போட் என்ற அமெரிக்க ஆயர் பிரசங்கத்தில் சொன்ன கருத்து அது. சில நாள் கழித்து ஒரு விருந்தில் அதை எடுத்தாண்ட கூபர்த்தன், ஆயர் சொன்னது என்று சொல்லித்தான் எடுத்தாண்டார். அவர் காட்டிய நேர்மையை அவர் பெயரைச் சொல்லும் நாங்கள் காட்டுவதில்லை.

அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் ஓயாத சச்சரவு. கயிறிழுத்தலில் லிவர்பூல் பொலிஸ் அணி கனத்த சப்பாத்துப் போட்டு இழுத்தது என்று அமெரிக்கர் முறையிட்டார்கள். இந்த அமளிக்கு நடுவே சொல்லப்பட்ட வார்த்தையை நாங்கள் கடைசியாக வந்த இல்லத்துக்கு ஆறுதல் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். முறைப்பாட்டுக் கடதாசியோடு நடுவர் மேசையைச் சூழ்ந்து நிற்கும் பெற்றோருக்கல்லவா அதை ஒலிவாங்கியில் வாசித்துக் காட்ட வேண்டும்!

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேச்சு எழுந்தால் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வோல்டேர் வந்துவிடுவார். "நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்." வோல்டேர் இறந்தது 1778இல். அந்த வாக்கியத்தை அவருடைய மனப்போக்கை விளக்குவதற்காக எழுதியவர் ஈவ்லின் பியட்ரிஸ் ஹோல் என்ற ஆங்கிலப் பெண், 1906இல். அவர் பெயரைத் தங்கள் பகுதியில் நான் கண்டதில்லை.

யார் சொன்னால் என்ன, நல்ல கருத்துத்தானே என்பார்கள். அப்படியானால் பெயர் போடாமலே அச்சிடலாமே. பெயரின் கனத்துக்காகத்தானே பெயர் போடுகிறோம்?

எங்கள் ஊரும் இதற்கு விலக்கல்ல. திருகோணமலையை உலகிலேயே சிறந்த துறைமுகம் என்று ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன் சொன்னாராம். கோட்டைப் பக்கம் வரும் உல்லாசப் பயணிகளுக்கு முதலில் கிடைப்பது இந்தச் செய்திதான். எந்தக் கடிதத்தில், எந்த ஆண்டில் என்று கேளுங்கள், பேச்சு மாறிவிடும். 1770களில் சீஹோர்ஸ் கப்பலில் இந்தக் கடல்களில் திரிந்தபோது அவர் மீசை அரும்பும் பருவத்துப் பையன். அவர் நற்சான்று தந்தால்தான் எங்கள் துறைமுகத்துக்கு ஆழமா, என்ன?

பெயர் சரியாக இருந்தாலும் பாதியை வெட்டிவிடும் வழக்கமும் உண்டு. "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்பதைக் கணியன் பூங்குன்றனார் பெயரோடு போடுகிறீர்கள், சரி. ஆனால் புறநானூற்றின் 192ஆம் பாடல் அந்த ஒற்றை அடியோடு முடியவில்லை. "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று முடிகிறது. பொன்னாடையும் மாலையும் குவிந்து கிடக்கும் மேடைகளில் முதலடி மட்டும் பதாகையில் தொங்குவதன் காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை.

வாசகர் அனுப்பும் மொழிகளுக்கு நூலும் ஆண்டும் கேட்டு வாங்குங்கள், தராதவற்றைப் போடாதீர்கள். பொன்மொழிகள் பத்துக்குப் பதில் மூன்று வந்தாலும் நட்டமில்லை. இடம் போதாது என்றால் பக்கத்தில் வாராவாரம் வரும் அந்தச் சூரியோதயப் படத்தைச் சற்றுச் சிறிதாக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
உவர்மலை, திருகோணமலை.