எமது பெற்றோர் சங்கத்தின் 2024 ஆண்டறிக்கை: வீட்டு வாசிப்பும் பிள்ளைகள் திருப்பிச் சொல்வதும்

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு பத்து மாதக் கூட்டங்கள் நடந்தன. நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தால் மற்ற இரண்டும் நடக்கவில்லை. தைப்பொங்கல் வழமைபோல் நடந்தது. மார்ச் 27 இல், சுவாமி விபுலாநந்தரின் பிறந்தநாளுக்கு, கல்லடியிலுள்ள அவருடைய சமாதிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனோம். சரஸ்வதி பூசைக்கு அவலும் கடலையும் தந்தவர்களுக்கு நன்றி.

இனி, பருவ வாசிப்பு, அதாவது அந்தந்தக் காலத்துக்கு ஏற்ற கதைகளை வாசித்துப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்ல விடுவது. இதைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுவதும் என் காதில் விழுந்த குறைகள் பெரும்பாலும் இதைப் பற்றியவைதான்.

இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற அம்மையார் 1886 இல் வீட்டுக் கல்வி பற்றி நூல் எழுதியவர். பாடக்குறிப்பாகச் சுருக்கிய புத்தகம் பிள்ளைக்கு வேண்டாம், விசயத்தில் ஆசையுள்ள ஒருவர் உயிரோட்டமாய் எழுதிய நூலைக் கொடுங்கள் என்றார். ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும். உடனே பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறு வயதுக்கு முன் அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இதோடு நான் சேர்த்தது நம் ஊர்ப் பருவங்களை மட்டுமே. வேளாண்மை வெட்டும் காலத்தில் வயலும் மாடும் வரும் கதைகள். வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை என்ற கண்ணகி கதைப் பாடலைப் பாடும் நாட்களில் கண்ணகி கதை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது வாவிக்கரைப் பறவைகளும் கண்டல் மரங்களும், படம் கீற ஒரு கொப்பியும். மாரியில் கடலும் புயலும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ணால் கண்ட பெரியவர்களை அழைத்துப் பிள்ளைகளோடு இருத்தத் திட்டமிட்டிருந்தேன். வெள்ளத்தால் அது நின்றுபோனது.

வைகாசியில் நடந்ததை இங்கே பதிய வேண்டும். ஏழு வயதுப் பையன் ஒருவன், கூட்டத்தில் வாயே திறக்காதவன், அன்று தானாக எழுந்து கண்ணகி கதையைச் சொல்லத் தொடங்கினான். "அவட சிலம்பப் போட்டு உடைச்சா. உள்ளுக்க மாணிக்கம். ராசாத்திட சிலம்புக்குள்ள முத்துதான். ராசாவுக்கு அப்பதான் விளங்கின." அந்த இடத்தில் தாய் குறுக்கிட்டு, "ராசா எண்டு சொல்லாத மனே, பாண்டியன் எண்டு சொல்லு" என்றார். பையன் இருந்துவிட்டான். பிறகு யார் கேட்டும் பேசவில்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் என் மகளுக்கு அதைத்தான் பல தடவை செய்திருக்கிறேன். மூன்று கிழமைக்குப் பின் அவனுடைய அம்மம்மா என்னிடம் வந்து சொன்னார்: அவர் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் குந்தியிருந்து, கோவலன் புறப்பட்டதிலிருந்து மதுரை எரிந்ததுவரை முழுக்கதையும் சொன்னானாம். அவர் நடுவில் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். கேட்பவர் வாய் மூடியிருந்தால் பிள்ளை பேசும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி வந்தது இதைத்தான்.

ஆனால் ஜூன் முதல் வரவு குறைந்தது. செப்டெம்பரில் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரியூசன். அந்தக் கவலை எனக்கும் உண்டு, என் மகளும் அடுத்த ஆண்டு எழுதுகிறாள். ஆனால் கதை கேட்கும் நேரத்தில் கடந்தகால வினாத்தாள் செய்விக்கலாமே என்று சில அங்கத்தவர்கள் கேட்டபோது நான் மறுத்தேன். அந்த மறுப்புக்காக இன்றும் வருந்தவில்லை. வினாத்தாளுக்கு ஊரில் எத்தனையோ இடம் இருக்கிறது. பிள்ளை தன் வாயால் ஒரு கதையைச் சொல்லி முடிக்க நம்மிடம் மட்டும்தான் இடம். வராதவர்கள் வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தால் பாய் விரித்துக் காத்திருந்த பிள்ளைகளுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் உண்டு. சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழச் சரி, கையிருப்புச் சொற்பம். மாதச் சந்தா நூறு ரூபாதான். அங்கத்தவரில் பாதிப்பேர் ஆடிக்குப் பின் கட்டவில்லை. போட்டோக் கொப்பிச் செலவை இரண்டு தடவை நானே போட்டேன், அதைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை. இரவலாகப் போன நூல்களில் ஆறு இன்னும் திரும்பவில்லை. அவற்றில் ஒன்று பறவைப் படங்கள் உள்ள நூல், அது இல்லாமல் கச்சான் காலத்து வாசிப்பை நடத்த முடியாது.

தலைவருக்கும் பொருளாளருக்கும், கூட்டத்துக்கு வீட்டு விறாந்தையைத் தந்த குடும்பத்துக்கும் என் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இந்தப் பொறுப்பை வேறு யாரும் ஏற்க வந்தால் மனமுவந்து கொடுப்பேன். பருவ வாசிப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம். சூறாவளியைக் கண்டவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, வருகிற மாரியிலாவது அவர்களைப் பிள்ளைகளோடு இருத்த வேண்டும். புத்தகப் பெட்டி என் வீட்டு முன் அறையில் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு யார் வந்தாலும் திறந்து கொடுப்பேன். பறவை நூல் யாரிடம் இருந்தாலும் அன்றைக்கே கொண்டுவரலாம், எதுவும் கேட்கமாட்டேன்.

செயலாளர்
கல்லடி, மட்டக்களப்பு