சுவருக்குள் போகும் பெட்டி: வடசென்னை பில்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடு கட்டித் தரும் பில்டர்களுக்கும் சைட் இன்ஜினியர்களுக்கும் வணக்கம்.

உங்களில் சிலருக்கு நான் வயரிங் செய்து கொடுத்திருக்கிறேன். 26 வருஷமாக இதே தொழில். சைட்டில் வைத்துச் சொன்னால், "பாத்துக்கலாம் விடுங்க" என்று அடுத்த போனை எடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்டால் சின்ன விஷயமாகத் தெரியும். சுவிட்சுக்குப் பின்னால் சுவரில் புதைக்கிறோமே, அந்தப் பெட்டி. அது இரும்பில் செய்த ஜிஐ பெட்டியா, பிளாஸ்டிக்கில் செய்த பிவிசி பெட்டியா என்பது.

போன ஐப்பசியில் காசிமேட்டில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். கட்டி ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. பெயிண்ட் அடிக்க வந்த பையன் சுவிட்ச் போர்டின் மேல் ஃபிரேமைக் கழற்றிவிட்டு ஓரத்தை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறான். பிரஷின் தகரப் பட்டை உள்ளே இருந்த ஸ்க்ரூவில் பட்டதும் தூக்கி அடித்துவிட்டது. ஸ்டூலிலிருந்து விழுந்தான். முழங்கையில் அடி, அதோடு தப்பித்தான். வீட்டுக்காரம்மா எனக்குப் போன் செய்தபோது, "சுவிட்ச்சு போயிடுச்சு போல, வந்து மாத்திக் குடுப்பா" என்றுதான் சொன்னார்.

சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது. டெஸ்டரை இரும்புப் பெட்டியின் விளிம்பில் வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. மெயினை இறக்கிவிட்டுப் பிளேட்டைக் கழற்றினால், பெட்டியின் அடிப்பக்கம் அப்பளம் மாதிரி கையோடு வருகிறது. பைப் நுழைவதற்காகத் தட்டித் திறந்த ஓட்டையின் விளிம்பு பிளேடு போல இருக்கிறது. விளிம்பு ஒயரை வெட்டாமல் இருக்கப் போடுகிற ரப்பர் வளையம், அதாவது புஷ், அதில் போடவில்லை. அந்த விளிம்பிலேயே கரண்ட் வருகிற சிவப்பு ஒயர் உரசி, தோல் கிழிந்து, செம்பு தெரிகிறது. சரி, கிழிந்தது கிழிந்தது. பெட்டியில் எர்த் கட்டியிருந்தால் முதல் நாளே, அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் தானாக அணையும் எம்சிபி விழுந்து, ஏதோ கோளாறு என்று வீட்டில் தெரிந்திருக்கும். எர்த்துக்கான பச்சை ஒயர் அந்தப் பெட்டி வரை வந்துதான் இருந்தது. பிளக் பாயின்ட்டின் எர்த் முனையில் மட்டும் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டிக்கென்று இருக்கும் எர்த் ஸ்க்ரூ, கடையில் வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே, ஒரு சுற்றுகூடத் திருகாமல் இருந்தது.

அந்த வீட்டை வயரிங் செய்தது யார் என்று நான் கேட்கவில்லை. நான் பழகிய சைட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். என் கையாலேயே ஆரம்ப வருஷங்களில் இப்படிச் செய்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்.

இது எப்படிப் பழக்கமானது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி காலத்தில் நல்ல கட்டடம் என்றால் பைப்பே இரும்பு. மரை போட்டுப் பெட்டியில் திருகுவார்கள். பைப்பும் பெட்டியும் சேர்ந்து மெயின் போர்டு வரை ஒரே இரும்பாகப் போகும். ஒரு பெட்டியில் கரண்ட் இறங்கினாலும் பைப் வழியாகவே எர்த்துக்குப் போய்விடும். பெட்டிக்குத் தனியாக ஒயர் கட்டுவதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. அப்புறம் பைப் பிவிசி ஆயிற்று. பெட்டி மட்டும் இரும்பாகவே நின்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு இரும்புப் பெட்டியும் சுவருக்குள் தனித்தனித் தீவு. நாம் எர்த் ஒயரைக் கொண்டுபோய் அந்த ஸ்க்ரூவில் முடுக்காவிட்டால் அதற்கும் பூமிக்கும் சம்பந்தமே கிடையாது.

இதற்கு மேல் நம் ஊர்க் காற்று. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறது என்று உங்களுக்கே தெரியும். ஜிஐ என்றால் இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகப் பூச்சு, அவ்வளவுதான். அதுவும் சந்தையில் வருகிற பெட்டிகளில் பல நகத்தால் சுரண்டினாலே போகிற பூச்சு. ஓட்டை தட்டும் இடத்திலும் வெட்டு விளிம்பிலும் பூச்சே இருக்காது. துரு அங்கேதான் பிடிக்கும். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு. அதே தண்ணீரில் கலவை குழைத்து, அதே தண்ணீரில் சுவரை நனைக்கிறோம். அந்த ஈரச் சுவருக்குள் பெட்டியைப் புதைத்துவிட்டு, "இரும்பு சார், கெட்டியா இருக்கும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்கிறோம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்ததே, அதற்கு அடுத்த இரண்டு மாதம் எனக்கு முழுக்க முழுக்கப் பெட்டி மாற்றுகிற வேலைதான். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர் என்று தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிய வீடுகள். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் வைத்த பிளக் பாயின்ட் எல்லாம் மூழ்கியிருந்தன. பிவிசி பெட்டி இருந்த இடங்களில் சாக்கெட்டையும் ஒயரையும் மாற்றினோம்; பெட்டியைத் துடைத்து அப்படியே விட்டோம். இரும்புப் பெட்டி இருந்த இடங்களில் பலவற்றில் ஸ்க்ரூ பிடிக்கிற காது துருவில் போயிருந்தது. சுவரை உடைத்து, பெட்டியைப் பெயர்த்து, புதிது வைத்து, பூசி, பெயிண்ட் அடித்து... ஒரு பெட்டியின் விலைக்கும் அந்தக் கூலிக்கும் சம்பந்தமே இல்லை.

அப்போ பிளாஸ்டிக்கே போட்டுவிடலாமா? போடலாம். ஆனால் நீங்கள் வாங்கித் தருகிற பிளாஸ்டிக்கைப் பற்றியும் பேச வேண்டும்.

கறுப்பாக, லேசாக, விரலால் அழுத்தினால் வளைகிற பெட்டி ஒன்று வருகிறது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்தது. சுவரில் வெட்டிய காடியில் வைத்துக் கொத்தனார் கலவையை அடித்து இறுக்கும்போதே அது சாய்சதுரமாகிவிடும். அப்புறம் பிளேட் நேராக உட்காராது, கோணவாய் போல நிற்கும். ஸ்க்ரூ பிடிக்கிற இடத்தில் பித்தளை மரை இருக்காது. பிளாஸ்டிக்கிலேயே திருக வேண்டும். இரண்டு தடவை கழற்றி மாட்டினால் வழுக்கிவிடும். மூன்றாவது தடவை வருகிற ஆள் ஓட்டைக்குள் தீக்குச்சியைச் செருகி ஸ்க்ரூவை முடுக்குவான். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருக்கும். சாக்கெட் ஆடும், ஆடினால் உள்ளே ஒயர் தளரும், தளர்ந்தால் சூடேறும். கீசர் பாயின்ட்டில் அப்படிச் சூடேறி உருகிப்போன பெட்டியை நான் சுவரிலிருந்து சுரண்டி எடுத்திருக்கிறேன். இரும்புப் பெட்டியாக இருந்திருந்தால் கருகியதோடு நின்றிருக்கும். அதில் இரும்புக்குத்தான் மார்க் போட வேண்டும்.

இந்தியத் தர நிர்ணயத்திலும் இரண்டுக்கும் இடம் உண்டு. ஐஎஸ் 5133 என்று 1969லேயே வந்தது. முதல் பகுதி இரும்பு, வார்ப்பிரும்புப் பெட்டிகளுக்கு. இரண்டாம் பகுதி கரண்ட் கடத்தாத பொருளில் செய்த பெட்டிகளுக்கு. ஆகவே ஒன்று முறையானது, மற்றது மட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்த இடத்துக்கு எது, அதோடு என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி.

என் கணக்கு இது. கடற்கரையை ஒட்டிய நம் பகுதிகளில் ரூம், ஹால், சமையலறைச் சுவர்களில் லைட், ஃபேன் சுவிட்ச், சாதாரண பிளக் எல்லாவற்றுக்கும் பிவிசி பெட்டி. ஐஎஸ்ஐ முத்திரை, கெட்டியான சுவர், ஸ்க்ரூவுக்குப் பித்தளை மரை, இந்த மூன்றும் இருக்க வேண்டும். பூசுவதற்கு முன் பெட்டிக்குள் சிமென்ட் பை காகிதத்தையோ தெர்மாகோலையோ அடைத்துவிட்டால் சாயவும் சாயாது, கலவையும் உள்ளே போகாது. கீசர், ஏசி பாயின்ட்டுகளுக்கு இரும்பு வைக்க நினைத்தால் வையுங்கள், நானும் அதைத்தான் விரும்புவேன். பூச்சு நன்றாக இருக்கிற பெட்டி, ஓட்டைக்குப் புஷ், பெட்டிக்கு எர்த். சீலிங் ஃபேன் பெட்டி எதில் செய்ததாக இருந்தாலும் குறுக்கே போகிற இரும்புக் கம்பி தளக் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட வேண்டும். ஃபேன் தொங்குவது அந்தக் கம்பியில்தான்.

பிளாஸ்டிக் போட்டால் எர்த் ஒயரே வேண்டாம் என்று ஒரு சைட்டில் சொன்னார்கள். ஒயர் மிச்சமாம். ஐயா, அந்தப் பச்சை ஒயர் பெட்டிக்கு மட்டுமா? ஃபிரிஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், எல்லாம் அந்த மூன்றாவது பின்னை நம்பித்தான் வீட்டுக்குள் வருகின்றன. பெட்டி பிளாஸ்டிக் ஆனாலும் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டுக்கும் எர்த் போயே ஆக வேண்டும்.

கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பற்றியும் ஒரு வார்த்தை. ஈரச் சுவர் வழியாகக் கசிகிற கரண்டுக்கு எம்சிபி அசையாது. ஆறு ஆம்பியர் எம்சிபிக்கு அது கொசுக்கடி. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான் அதைப் பிடிக்கும். அதனாலேயே மழைக்காலத்தில் விழுந்துகொண்டே இருக்கும். உடனே வீட்டுக்காரர் உங்களுக்குப் போன் செய்வார், நீங்கள் எங்களுக்குப் போன் செய்து "அத எடுத்துட்டு நேரா குடுத்துடுப்பா" என்பீர்கள். அது விழுகிறதென்றால் எங்கேயோ கரண்ட் கசிகிறது, மழையில் பெரும்பாலும் ஒரு பெட்டி நனைந்திருக்கிறது என்று பொருள். தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் கூலி கொடுங்கள். இன்னொன்று, எர்த் கட்டாத இரும்புப் பெட்டியில் கரண்ட் இறங்கினால் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். யாராவது போய்த் தொட்ட பிறகுதான் விழும். அந்தக் காசிமேட்டு வீட்டில் ஆர்சிசிபியும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எஸ்டிமேட்டில் "எலக்ட்ரிக்கல் வேலை, ஒரு பாயின்ட்டுக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் போடுவதை நிறுத்துங்கள். எந்தப் பெட்டி, எந்த இடத்துக்கு, எர்த் எந்த ஒயர் என்று எழுதுங்கள். பாயின்ட் ரேட்டில் வேலை எடுக்கிறவன் விலை குறைந்த பெட்டியைத்தான் வாங்குவான். எர்த் முடுக்குகிற நேரத்தில் அடுத்த பாயின்ட்டுக்குப் போய்விடுவான். நானும் அதே ரேட்டில் ஓடியவன்தான். அப்புறம் சாவி கொடுப்பதற்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு பிளேட்டையும் கழற்றி, மெகர் வைத்து ஒயரின் தோல் கசியாமல் இருக்கிறதா என்றும், இரும்புப் பெட்டி இருந்தால் மீட்டர் வைத்து அதற்கும் எர்த்துக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

அடுத்த புதன்கிழமை பழைய வண்ணாரப்பேட்டையில் நான் செய்கிற சைட்டில் பூச்சு வேலை தொடங்குகிறது. இரண்டு மாடி, 58 பெட்டி, அதில் ஏழு இரும்பு. பூசி மூடிவிட்டால் எதுவும் தெரியாது. அதற்குள் உங்களில் யார் வந்தாலும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். காசிமேட்டில் பெயர்த்தெடுத்த அந்தப் பெட்டியும் என் பையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வயரிங்காரன்