பாபுவுக்கு

அன்புள்ள பாபுவுக்கு நைனா எழுதுவது.

போன ஞாயிறும் நீ போன் எடுக்கவில்லை. ஆபீசில் வேலை என்று சுதா சொன்னாள். சரி. அம்மா ரத்தினகிரி ஆடிக்கிருத்திகைக்குப் போய் உன் பேருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பாலாற்றில் தண்ணீர் இல்லை, பையன்கள் மணலில் கல்லை நட்டுவைத்துப் பந்து ஆடுகிறார்கள். உன்னைக் கம்பெனி கால்பந்து டீமுக்குக் கேப்டனாகப் போட்ட போட்டோவை மளிகைக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் மஞ்சள் பட்டை உனக்கு எடுப்பாக இருக்கிறது.

டானி ஹார்க்கேவை மறந்திருக்க மாட்டாய். 2010 கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ராத்திரி இரண்டு மணி தாண்டிவிட்டது, அம்மா திட்டத் திட்ட நாம் இரண்டு பேரும் டிவி முன்னால். 116ஆம் நிமிடம் கோல் போட்ட ஸ்பெயின் ஆட்டக்காரன் இனியெஸ்டா சட்டையைக் கழற்றிக்கொண்டு ஓடினான். "பனியன்ல என்ன நைனா எழுதியிருக்கு?" என்று கேட்டாய். அப்புறம்தான் பேப்பர் பார்த்துச் சொன்னேன், டானி ஹார்க்கே எப்போதும் எங்களோடு என்று.

ஹார்க்கே 12 வயதில் எஸ்பான்யோல் என்கிற ஸ்பெயின் கிளப்பில் சேர்ந்தவன். உன்னைப்போலத் தடுப்பாட்டக்காரன். கடைசிவரை வேறு கிளப்புக்கு ஆடவில்லை. 2009இல் அவனைக் கேப்டன் ஆக்கினார்கள். ஆகஸ்ட் 2ஆம் தேதி புது மைதானம் திறந்து லிவர்பூலை 3-0 என்று ஜெயித்தபோது அவன்தான் முன்னால் நின்றான். 8ஆம் தேதி இத்தாலியில், பயிற்சிக்குப் போன இடத்தில், அறையிலிருந்து வீட்டோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு நடுவிலேயே நின்றுவிட்டது. இதயம். 26 வயது.

அவனுக்கு முன்னால் இன்னொரு பிள்ளை, அந்தோனியோ புவெர்தா. 2007இல் யூஃபா கோப்பை இறுதி ஆட்டத்தில், அதே எஸ்பான்யோலுக்கு எதிராகத் தன் கிளப் செவிய்யாவின் கடைசி பெனால்டியை அடித்து ஜெயிக்கவைத்தவன். மூன்று மாதம் கழித்து மைதானத்தில் மயங்கி விழுந்தான். தானே எழுந்து, நடந்தே உள்ளே போனான். உள்ளே மறுபடியும் விழுந்தான். மூன்றாம் நாள் போய்விட்டான், 22 வயதில்.

நடந்தே போனானே, அதுதான் எனக்கு மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வெயில், தண்ணீர் குடிக்கவில்லை, தலை சுற்றியது, எழுந்து மிச்ச ஆட்டத்தையும் ஆடினேன் என்றால் அது சரியாகிவிட்டதாக அர்த்தம் இல்லை கண்ணு. நீ ஆட்டத்தில் விழுந்ததை என்னிடம் சொன்னதற்காகத் தங்கச்சியைக் கோபித்துக்கொள்ளாதே. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை.

இதயத் தசை தடித்துப்போகிற நோய் குடும்பத்தில் இறங்கிவரும். ஆள் பார்க்கத் திடமாகத்தான் இருப்பான். கோட்டை மைதானத்தில் உன் சித்தப்பாவைப்போல ஓடினவன் யார்? அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இத்தாலியில் 1982லிருந்து போட்டியில் இறங்குகிற எல்லோருக்கும் ஈ.சி.ஜி. கட்டாயம். பத்து நிமிஷ வேலை. டீம் பையன்களுக்குக் கால் பிசகினால் ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறாய், அதற்கு நேரம் இருக்கிறது. உனக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுக்க நேரம் இல்லையா? நல்ல பிள்ளைதான் நீ, எனக்குத் தெரியும். ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ என்கிற இதய ஸ்கேன், அவ்வளவுதான் கேட்கிறேன்.

சுதா வளைகாப்புக்கு அம்மா வளையல் எல்லாம் பார்த்துவைத்துவிட்டாள். ஹார்க்கேவுக்குப் பெண் குழந்தை, அவன் போன மறுமாதம் பிறந்தது. புவெர்தாவின் மகனும் அப்படித்தான், அப்பா முகம் பார்க்காமல் பிறந்தான். இந்தக் கடிதத்தைச் சுதாவிடம் காட்டாதே.

ஞாயிற்றுக்கிழமை லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறு, காட்பாடிக்கு வண்டி எடுத்துக்கொண்டு நான் வருகிறேன். திங்கட்கிழமை சி.எம்.சி.க்குப் போவோம், சீட்டு நான் வாங்கிவைக்கிறேன். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, சாப்பிட்டே போகலாம். அதுவரைக்கும் பந்தைத் தொடாதே. ஈ.சி.ஜி., எக்கோ, இரண்டும்.

நைனா
சத்துவாச்சாரி