நீர்மூழ்கிகள் சரணடைந்த விதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியின் 1945 மே சரணடைவு என்றால், நம் மலையகப் பாடசாலைகளில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதோடு பாடம் முடிந்துவிடுகிறது. கடலில் இருந்த ஜேர்மன் நீர்மூழ்கிகள் என்ன செய்தன என்பதையும் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

மேலே வந்து, சங்கேதமின்றி வானொலியில் இருப்பிடத்தை அறிவிக்க வேண்டும். பகலில் கறுப்பு அல்லது நீலக் கொடி, இரவில் விளக்குகள். டோபிடோக்களின் (நீருக்கடியில் பாயும் குண்டுகளின்) வெடிதூண்டியைக் கழற்றி, வெடிமருந்தைக் கடலில் வீச வேண்டும். இதுவே நேச நாடுகளின் கட்டளை. யூ-532 என்ற ஜேர்மன் நீர்மூழ்கி, தென்கிழக்காசியாவிலிருந்து ஏற்றிவந்த இறப்பருடனும் வெள்ளீயத்துடனும் பிரித்தானியாவிடம் சரணடைந்தது.

பின்னர் சரணடைந்த நீர்மூழ்கிகளில் 116ஐப் பிரித்தானியர் அயர்லாந்தின் வடமேற்கே ஆழ்கடலில் மூழ்கடிக்க இழுத்துச் சென்றார்கள். பராமரிப்பின்றிக் கிடந்தவை, போதாததற்கு மாரிக்காலக் கடல். இழுவை வடங்கள் அறுந்தன. அவற்றில் 56 குறித்த இடம் சேருமுன்பே மூழ்கின.

வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.